கண்மாய் மீனை என்ன செய்வது: ஏலமா, ஊர் வளர்ப்பா, அழிகண்மாயா?

கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வழிகிற கலுங்கு பாய்ந்துவிட்டால் ஊரில் இரண்டு பேச்சு தொடங்கும். ஒன்று, இந்த வருஷம் எத்தனை ஏக்கர் நடலாம் என்பது. இன்னொன்று மீன். நடவுப் பேச்சு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மீன் பேச்சு தை வரைக்கும் இழுக்கும், சில ஊர்களில் காவல் நிலையம் வரைக்கும் போகும். ஏலம் விட்டால் மொத்தமாகப் பணம் வரும் என்பார் ஒருவர். எவனோ சம்பாதிப்பதற்கு நாமே குஞ்சு வாங்கி விடலாமே என்பார் இன்னொருவர். தாத்தா காலத்திலிருந்து பங்குனியில் அழிகண்மாய் என்று எல்லாரும் இறங்கித்தானே பிடிக்கிறோம், இப்போது மட்டும் என்ன புதுசாக என்று மூன்றாவது குரல் வரும். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் சண்டை தீர்வதில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரையின் கிழக்குப் பகுதி ஆகிய இடங்களில் இருக்கிற பத்து ஏக்கரிலிருந்து ஐம்பது ஏக்கர் வரைக்குமான சின்னக் கண்மாய்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வீராணம், செம்பரம்பாக்கம் மாதிரிப் பெரிய ஏரிகளின் கணக்கு வேறு.

ஏலத்தில் யார் அதிகம் கேட்கிறார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவதுதான் வழக்கம். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, உங்கள் கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் கிடக்கும் என்பது. அதற்குப் பதில் தெரிந்தால் பாதி விவாதம் தானாக அடங்கிவிடும்.

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு முடிகிறது. மழையை மட்டும் நம்பியிருக்கும் கண்மாய் கார்த்திகையில் நிறைந்தாலும், நெல்லுக்கு விட்டது போக மாசிக் கடைசியில் முழங்கால் தண்ணீருக்கு வந்துவிடும். கையில் இருப்பது நாலு மாதம், மிஞ்சினால் ஐந்து. வைகைத் தண்ணீரோ பெரியாறு பாசனத்தின் கழிவுத் தண்ணீரோ எட்டிப் பார்க்கிற கண்மாய் என்றால் ஆடி வரைக்கும்கூட மடைப்பள்ளத்தில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கும். இந்த இரண்டுக்கும் ஒரே தீர்மானம் போட முடியாது.

ஏனென்றால், ஏலக்காரர் விட்டாலும் ஊர் விட்டாலும் விடப்போவது கட்லா, ரோகு, மிர்கால்தான். விரல் நீளக் குஞ்சாக விட்டால், விற்கிற அளவுக்கு, அதாவது அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று வருவதற்கு ஆறு முதல் எட்டு மாதம் வேண்டும். நாலு மாதத்தில் தண்ணீர் வற்றிப் பிடித்தீர்கள் என்றால் உள்ளங்கை அகலத்தில் முள்ளும் செதிலுமாகத்தான் கிடைக்கும். சந்தையில் அதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இன்னொரு விஷயமும் இருக்கிறது. இவை மூன்றும் ஆற்று மீன்கள். தேங்கின தண்ணீரில் நன்றாக வளரும், ஆனால் அங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்காது. 1957இல் ஹீராலால் சௌத்ரி ஒடிசாவில் ஹார்மோன் ஊசி போட்டு இந்த வகைக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான் குஞ்சுப் பண்ணைகள் பெருகின. ஆக, இந்த வருஷம் நன்றாக மீன் இருந்தது, அடுத்த வருஷமும் இருக்கும் என்ற கணக்கெல்லாம் இங்கே செல்லாது. ஒவ்வொரு வருஷமும் காசு கொடுத்து வாங்கி விட்டால்தான் மீன்.

நாட்டு மீனுக்கு இந்தக் கவலை கிடையாது. விரால், குரவை, கெளுத்தி, ஆரால், உளுவை, அயிரை எல்லாம் யாரும் விடாமலே வரும். கரை மனிதன் போட்டதுதான். ஆனால் இந்த மீன்களைப் பொறுத்தவரை கண்மாய் இயற்கையாக அமைந்த ஏரிக்குச் சமம். முதல் வெள்ளம் இறங்கியதும், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே எதிர்த்து ஏறி வந்து முட்டையிடும். விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது, கோடையில் ஈரச் சேற்றுக்குள் கிடந்துகூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் வந்ததும் அதுதான் முதல் குடியிருப்புக்காரர். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிப்பதைப் பார்த்திருப்பீர்கள், அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். சந்தையிலும் விராலுக்குக் கட்லாவைவிட விலை அதிகம். அயிரையைச் சொல்லவே வேண்டாம், மதுரைக்காரர்கள் அதற்காகச் சொத்தையே எழுதி வைப்பார்கள். யாரும் ஒரு பைசா செலவழிக்காமல் வருகிற மீன்தான் விலை கூடின மீனும் என்பதை ஏலப் பேச்சில் யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

ஏலத்தின் பெரிய கவர்ச்சி, கையில் முன்கூட்டியே பணம் வருவது. மழை பொய்த்தாலும் மீன் செத்தாலும் நஷ்டம் ஏலம் எடுத்தவருக்குத்தான். குஞ்சு வாங்க அலைய வேண்டாம், காவல் போட வேண்டாம், விற்க ஆள் தேட வேண்டாம். கண்மாய் மீனிலிருந்து பொதுப் பணம் வருவது புதுசும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே பாசிப்பாட்டம் என்ற பெயரில் இந்த வருவாய் வருகிறது. இன்றைக்கும் ஏல அறிவிப்பில் மீன்பாசிக் குத்தகை என்றுதான் போடுகிறார்கள். அந்தப் பணம் வரத்துக்கால் தூர்வாரவோ மடைப் பலகை மாற்றவோ போனால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

தொந்தரவு வேறு இடத்தில் வருகிறது. மீன் எடுத்தவருக்கும் நெல் போட்டவருக்கும் ஒரே தண்ணீர்தான், ஆனால் இரண்டு பேருக்கும் அது வேண்டிய காலம் வேறு வேறு. தையில் பயிருக்குத் தண்ணீர் கேட்கும்போது மடையைத் திறக்க விடாமல் ஏலக்காரர் இழுத்தடிப்பார், மீன் இன்னும் தேறவில்லை. பங்குனியில் மாடு குடிக்கவாவது கிடக்கட்டும் என்று ஊர் நினைக்கும்போது அவருக்குத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், அப்போதுதான் வலை அடிக்கு அடி இழுக்க முடியும். எங்கள் பக்கத்தில் ஒரு கண்மாயில் விடிந்து பார்த்தால் மடை திறந்து தண்ணீர் தரிசில் ஓடிக்கொண்டிருந்தது. யார் திறந்தது என்று யாருக்கும் தெரியாதாம். எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோடையில் கண்மாயை ஒட்டின கிணறுகளில் தண்ணீர் மட்டம் சீக்கிரமே இறங்கிவிட்டது, மாட்டுக்கு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். ஏலத்தில் வந்த பணத்தோடு இந்தக் கணக்கை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஏலம் எப்போது விடுகிறோம் என்பதும் முக்கியம். குத்தகையைப் பசலிக் கணக்கில், அதாவது ஜூலையில் தொடங்குகிற வருவாய் ஆண்டுக் கணக்கில், ஆடியை ஒட்டி விடுவது பழக்கம். அப்போது கண்மாய் வெறும் கட்டாந்தரை. வரப்போகிற மழையை வைத்து ஏலம் கேட்பவர் சூதாடத்தான் செய்வார், அதனால் குறைத்துத்தான் கேட்பார். அதே கண்மாயை நிறைந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் விட்டால் தொகை ஏறும். ஆனால் அதற்கு அப்புறம் குஞ்சு தேடிப் போவதற்குள் விட வேண்டிய நல்ல நாட்கள் போய்விடும். அதைவிட மூன்று வருஷக் குத்தகை தேவலை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வருஷத்துக்கு எடுத்தவர் கொசுவலை மாதிரிப் பொடிக்கண் வலையைப் போட்டுப் பொடிசு வரைக்கும் வழித்துவிட்டுப் போவார், அடுத்த வருஷம் யாருக்கோ. மூன்று வருஷம் எடுத்தவர் தாய் மீனை விட்டுவைப்பார், வரத்துக்காலில் யாராவது மண் அள்ளினால் அவரே சண்டைக்குப் போவார்.

எந்த மீனை விடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஜிலேபிக் கெண்டை, அதாவது திலாப்பியா, 1952இல் இந்தியாவுக்குள் வந்தது. முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும், வருஷத்தில் பல முறை இனம் பெருக்கும். ஒரு முறை புகுந்தால் கண்மாய் முழுக்க உள்ளங்கை அளவு ஜிலேபியாகத்தான் இருக்கும், கெண்டைக்குத் தீனி மிஞ்சாது. அது பரவாயில்லை, ஏழை வீட்டுக் குழம்புக்கு ஆகிறது, பெரும்பாலான கண்மாய்களில் ஏற்கெனவே இருக்கவும் செய்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் பார்க்கக் கூடாது. கோழிக் கழிவைத் தின்றே வளரும், அதனால் வளர்க்கிறவருக்குச் செலவில்லை. வெள்ளத்தில் தப்பினால் மற்ற மீன், தவளை, குஞ்சு என்று எதையும் விடாது. இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. அப்படியும் ராத்திரியோடு ராத்திரியாக விடுகிறவர்கள் உண்டு.

அடுத்து, ஊரே வளர்ப்பது. கூட்டத்தில் பேசும்போது இதுதான் கேட்க நன்றாக இருக்கும். இறங்கிப் பார்த்தால் நாலு விஷயத்தில் மாட்டும்: குஞ்சு, கலுங்கு, காவல், கருவேலம்.

குஞ்சு வைகை அணை, மணிமுத்தாறு, பவானிசாகர் மாதிரி அரசுப் பண்ணைகளிலும் தனியாரிடமும் கிடைக்கும். ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் கொடுப்பார்கள். பொடிக் குஞ்சு மலிவு என்று அதை வாங்கி விட்டால் கண்மாயில் இருக்கிற விராலுக்கு விருந்து வைத்த மாதிரி. கை விரல் நீளத்துக்குக் குறையாமல், கிடைத்தால் அதைவிடப் பெரியதாக வாங்க வேண்டும். போன வருஷத்துக் குஞ்சைக் குறைந்த தீனியில் நெருக்கி வைத்து வளர்த்து, வளர்ச்சி தடுத்து விற்கிறார்கள். அதை அகலமான தண்ணீரில் விட்டால் விட்ட வளர்ச்சியையும் சேர்த்து மளமளவென்று வளரும். ஆறு மாதக் கண்மாய்க்கு அதுதான் சரி, விலை கூடினாலும். மேல்மட்டத்தில் மேய்கிற கட்லா நாலு பங்கு, நடுவில் மேய்கிற ரோகு மூன்று, அடியில் மேய்கிற மிர்கால் மூன்று என்பது பழகின விகிதம். பையைத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகக் கண்மாய்த் தண்ணீரைச் சேர்த்து, அப்புறம்தான் சரிக்க வேண்டும். பையைக் கிழித்து மேலேயிருந்து கொட்டிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அதில் பாதி அன்றைக்கே வயிற்றைக் காட்டிவிடும்.

குஞ்சு விட்ட பிறகு கண்மாய் மறுபடி நிறைந்து கலுங்கு பாய்ந்தால் மீன் தண்ணீரோடு கீழ்க் கண்மாய்க்குப் போய்விடும். அதைத் தடுக்க வலை கட்டுவார்கள். வலையில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் கரைக்கு அழுத்தம் ஏறும். அடைமழை ராத்திரியில் கலுங்கில் வலை கட்டிவிட்டு வீட்டில் தூங்கக் கூடாது. முடிந்தால் முதல் பெருவெள்ளம் எல்லாம் ஓடி அடங்கின பிறகு குஞ்சு விடுவது உத்தமம். கார்த்திகை இருபதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

தீனியைப் பெரிய விஷயமாக்க வேண்டியதில்லை. தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்து சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் மீன் முட்டி முட்டித் தின்னும். சாணம் கரைத்து விட்டால் தண்ணீர் பச்சை பிடித்து நுண்ணுயிர் பெருகும், கட்லாவுக்கு அதுதான் சாப்பாடு. அளவு தெரிய வேண்டுமா, கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். முழங்கை முங்கும்போது உள்ளங்கை மறைந்தால் சரியான பச்சை. மணிக்கட்டிலேயே மறைந்துவிட்டால் சாணம் போட்டது போதும். அதற்கு மேல் போனால் மூடாப்பான நாட்களில் விடிகாலையில் மீன் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கரையில் யாராவது நின்று பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

அங்கேதான் காவல் வருகிறது. ஊர் மீன் என்றால் எல்லாருக்கும் சொந்தம், ஆகவே யாரும் காவல் இருக்க மாட்டார்கள். ராத்திரியில் நரம்பு வலை கட்டி விடியுமுன் எடுத்துக்கொண்டு போகிறவன் பெரும்பாலும் வெளியூர்க்காரன் இல்லை, கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தூக்கினவன். சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போடாமல் ஊர் வளர்ப்பு நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மகளிர் குழுக்கள் பொறுப்பெடுத்த இடங்களில் கணக்காவது ஒழுங்காக இருந்தது.

கருவேலம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நிறையக் கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற பரப்பில், சமூகக் காடு என்று கருவேலம் நட்டு, வெட்டி விற்று, கட்டைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டைகளுக்கு நடுவில் இழுவலை போட்டால் வலை தும்புதும்பாகிவிடும். வளர்த்த மீனில் பாதியைப் பிடிக்கவே முடியாது. கடைசியில் தண்ணீரை வடித்துத்தான் பிடிக்க வேண்டும் என்ற பேச்சு மறுபடி வரும். குஞ்சு வாங்குவதற்கு முன்னால் கோடையில் உள்வாயை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். கட்டைகள் நிறைய இருந்தால் இந்த யோசனையையே விட்டுவிடலாம்.

கணக்குக்கு ஒரு உதாரணம். பத்து ஏக்கர் நீர்ப்பரப்பு, ஏக்கருக்கு ஆயிரம் குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் நாலாயிரம் பிழைத்து, தலைக்கு அரைக் கிலோ வந்தால் 2,000 கிலோ. உங்கள் ஊர்க் கரை விலையில் அதைப் பெருக்கி, குஞ்சு, தீனி, காவல் சம்பளம், வலைக்காரர் பங்கு எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். வலைக்காரர் பங்கை மறந்துவிட்டுத்தான் நிறையப் பேர் லாபம் காட்டுகிறார்கள். மிஞ்சுவது ஏலத் தொகையைவிட அதிகமாக இருக்கும், பெரும்பாலும். ஆனால் பிழைப்பது நாலாயிரம் இல்லை, இரண்டாயிரம் என்று மாற்றிப் போட்டும் ஒரு முறை பாருங்கள். அப்போதும் உங்களுக்குச் சம்மதம் என்றால் இறங்கலாம். தண்ணீர் எட்டு மாதம் கிடக்கிற, கட்டை இல்லாத, காவலுக்கு ஒருவர் கிடைத்த கண்மாய்க்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மூன்றாவது, கண்மாய் அழிப்பது. பத்திரிகையில் மீன்பிடித் திருவிழா என்று போடுகிறார்கள். மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும். காலையில் சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அந்தத் துண்டுக்காகச் சுற்றி நிற்கிற கூட்டம் ஒரே நொடியில் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்த மீனை விற்கக் கூடாது என்று பல ஊர்களில் கட்டுப்பாடு. குழம்பு வைத்துச் சாப்பிட வேண்டும், உறவுக்காரர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். இப்படிப் பிடித்தால் அடுத்த வருஷம் மழை தப்பாது என்று நம்பிக்கை.

இதற்கென்று உள்ள கருவி ஊத்தா. மூங்கில் சிம்புகளை வரிசையாகக் கட்டி, கீழே வாய் அகன்று மேலே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விட்ட கூடு. கலங்கின தண்ணீரில் எதுவும் தெரியாது, நடந்துகொண்டே குத்திக்கொண்டு போக வேண்டியதுதான். உள்ளே மீன் மாட்டினால் சிம்பில் டக்கென்று ஒரு இடி, அது கைப்பிடி வரைக்கும் ஏறும். உடனே ஊத்தாவை மார்பால் அழுத்திக்கொண்டு மேல் ஓட்டை வழியாகக் கையை விட வேண்டும். வழவழவென்று ஓடினால் விரால், தலையோடு சேர்த்துச் சேற்றில் அமுக்கித்தான் பிடிக்க முடியும். கையில் மீசை தட்டுப்பட்டால் அவசரப்படாதீர்கள், கெளுத்தியாக இருக்கும். பக்கத்து முள் இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்கும், குத்தினால் சாயந்தரம் வரைக்கும் கடுகடுக்கும். முள்ளுக்குப் பின்னால் விரலைக் கோத்துத்தான் தூக்க வேண்டும். தண்ணீர் தொடைக்கு மேல் இருந்தால் ஊத்தா பிரயோஜனப்படாது. அதனால் ஆழமான பள்ளத்தில் இருக்கிற மீன் தானாகவே தப்பிக்கும். கருவேலங்கட்டை ஊத்தாவுக்குத் தடை இல்லை. இழுவலைக்குப் பிடிபடாத மீன் ஊத்தாவுக்குத்தான் பிடிபடும்.

காசுக் கணக்கில் இதில் ஊருக்கு வருமானம் பூஜ்யம். ஊத்தாவுக்கு இவ்வளவு என்று வசூலித்துக் கோயிலுக்குச் சேர்க்கிற ஊர்களும் இருக்கின்றன, அப்போது ஒரு சின்னத் தொகை வரும். பங்கும் சமமாகக் கிடைக்காது. கை பலமுள்ள இளந்தாரிக்கு ஒரு சாக்கு, வயசான அம்மாவுக்கு நாலு கெண்டை. இப்போது வாட்ஸ்அப் வந்த பிறகு இருபது ஊர்க்காரர்கள் வேனில் வந்து இறங்கிவிடுகிறார்கள், உள்ளூர்க்காரனுக்கே இடமில்லை. தேதியை முந்தின நாள் சாயந்தரம் தண்டோரா போட்டுச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிற ஊர்கள் இதில் புத்திசாலிகள்.

ஆனால் செலவும் பூஜ்யம். குஞ்சு வாங்கவில்லை, காவல் இல்லை, மடையைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தண்ணீர் பயிருக்கு, மாட்டுக்கு, மிச்சம் மீனுக்கு என்ற வரிசை மாறுவதில்லை. சென்னையிலும் திருப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் பொங்கலுக்கு வராவிட்டாலும் இதற்கு வந்துவிடுகிறார்கள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, எல்லா ஊருக்கும் பொருந்தாது. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடியும் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களும் 1977 முதல் பறவைகள் சரணாலயம். தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. நாரையும் கொக்கும் தின்கிற மீனுக்கு ஈடாக எச்சம் தண்ணீரில் கரைந்து வயலுக்கு உரமாகப் போகிறது என்று அந்தப் பக்கத்து விவசாயிகள் சொல்வார்கள். உங்கள் கண்மாய் மரங்களில் பறவைக் கூட்டம் அடைகிறது என்றால் ஏலக்காரர் முதலில் வெடி போட்டு விரட்டுவது அதைத்தான். முடிவெடுக்குமுன் அதையும் யோசியுங்கள்.

இனி எது யாருக்கு? தண்ணீர் ஐந்து மாதத்துக்குள் வற்றுகிற கண்மாய்க்கு ஏலமும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம். நாட்டு மீன் தானே வரும், பங்குனியில் இறங்கிப் பிடியுங்கள். அதில் ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: மடைப்பள்ளத்தில் ஒரு மூலையை யாரும் கலக்கக் கூடாது, நரம்பு வலை கூடாது. அந்த மூலைதான் அடுத்த வருஷத்து விதை. வெடியோ விஷமோ போட்டுப் பிடிப்பது 1897ஆம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆறிலிருந்து எட்டு மாதம் கிடக்கும் கண்மாய் என்றால் இரண்டும் கலந்து செய்யலாம். கொஞ்சமாகப் பெரிய குஞ்சு விட்டு வளர்த்து, பெரிய மீனை வலைக்காரரைக் கூப்பிட்டுப் பிடித்து விற்றுவிட்டு, மிச்சத்தை ஊத்தாவுக்கு விடுவது. எட்டு மாதத்துக்கு மேல் என்றால் ஊர் வளர்ப்பு. அதற்குப் பொறுப்பான இரண்டு பேர் கிடைக்கவில்லை என்றால் மட்டும் மூன்று வருஷ ஏலம்.

ஏலம் விடுகிற உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் பாய்கிற நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். மீன் குத்தகை உரிமை அதிலும் இடத்துக்கு இடம் மாறும். ஊர்க்கூட்டத்தில் ஏலம் விட்டுப் பணமும் வாங்கின பிறகு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்து நிற்கிற கதை அடிக்கடி நடக்கிறது.

விட்டால் ஒப்பந்தத்தில் மறக்காமல் எழுத வேண்டியவை: மடைச் சாவி வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற நீர்பாய்ச்சியிடம்தான், ஏலக்காரருக்கு அதில் பேச்சு இல்லை. மடைப் பலகைக்குக் கீழே தண்ணீர் இறங்கின பிறகு மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தியும் கோழிக் கழிவும் கண்டால் குத்தகை ரத்து. கரையில் உட்கார்ந்து தூண்டில் போடுகிற பையனை விரட்டக் கூடாது, மண்புழுவுக்கு மாட்டுகிற நாலு கெண்டையில் யாரும் நஷ்டப்பட்டுப் போவதில்லை. கடைசி நாள் மீன்பிடி ஊருக்கு. இவ்வளவுக்கும் சம்மதித்தால் ஏலத் தொகை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

வளர்ப்பது என்று முடிவானால் குஞ்சுக்குப் புரட்டாசிக் கடைசியிலேயே பண்ணையில் சொல்லி வைத்துவிடுங்கள். கண்மாய் நிறைந்ததும் எல்லா ஊர்க்காரர்களும் ஒரே வாரத்தில் போய் நிற்பார்கள், அப்போது மிஞ்சுவது பொடிக் குஞ்சுதான்.